கம்பை யார் குத்துவது?

மாலை நாலரை மணிக்கு எனக்குப் பசிப்பதில்லை. மதியம் சோறு, குழம்பு, பொரியல், ரசம் என்று வயிறு நிறையச் சாப்பிட்டிருப்பேன். ஆனாலும் அந்த நேரம் வந்துவிட்டால் வாய் நமநமக்கும். எனக்கு மட்டுமில்லை, அலுவலகத்தில் எங்கள் வரிசை முழுக்க அப்படித்தான். யாராவது ஒருவர் பாக்கெட்டைப் பிரிப்பார். அந்தச் சத்தம் கேட்டதும் மற்றவர்கள் நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்துவிடுவார்கள். மசாலா தூவிய சோளப் பஃப், தக்காளி வாசனை சிப்ஸ், க்ரீம் பிஸ்கட், எல்லாம் ஐந்து ரூபாய், பத்து ரூபாய்ச் சமாச்சாரம். பேச்சு முடிவதற்குள் நாலைந்து பாக்கெட் காலியாகியிருக்கும். யார் எவ்வளவு சாப்பிட்டோம் என்று கேட்டால் ஒருவருக்கும் சொல்லத் தெரியாது. வீட்டுக்குப் போனால் ராத்திரிச் சாப்பாடும் வழக்கம்போல இறங்கும். 'நாக்கை அடக்கத் தெரியாதவள்' என்று ஒரு வரியில் இதை முடித்துவிடலாம். மதுரையில் இருக்கும் என் அண்ணன் அப்படித்தான் முடித்தான். எனக்கு அது சமாதானமாகவே இல்லை.

ஏன் இல்லை என்றால், நான் சாத்தூர்ப் பக்கத்துக்காரி. நொறுக்குத் தீனியைப் பற்றி யாரும் எனக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. எங்கள் ஊரில் காராச்சேவு போடுவதைத் தெருவில் நின்று பார்த்தே வளர்ந்தோம். கடலை மாவு, அரிசி மாவு, மிளகாய், பூண்டு எல்லாவற்றையும் பிசைந்து, கொதிக்கும் எண்ணெய்க்கு மேலே ஓட்டைத் தட்டை வைத்து, உள்ளங்கையால் மாவை அழுத்தித் தேய்ப்பார்கள். கீழே கொத்துக் கொத்தாக விழுந்து பொரியும். அந்த வாசனைக்குப் பிறகு பொட்டலம் வாங்காமல் வீடு திரும்புவது நடக்காத காரியம். ஆனால் அந்தச் சேவை எவ்வளவு சாப்பிட முடியும்? இரண்டு கை அள்ளினால் பூண்டுக் காரம் மூக்கில் ஏறும். கடித்து மெல்லத் தாடை வலிக்கும். ஒரு சொம்புத் தண்ணீர் குடிப்போம், பொட்டலத்தை மடித்து வைப்போம். சேவு திகட்டும். இந்தப் பஃப் திகட்டுவதே இல்லை. அதே நாக்கு, அதே ஆள். ஒன்றில் தானாக நிற்கிறது, இன்னொன்றில் பாக்கெட்டின் அடிவரை போய்த் தூளையும் விரலால் தொட்டு நக்குகிறது. அடக்கம் இல்லாதவள் என்றால் இரண்டிலும்தானே இல்லாமல் போயிருக்க வேண்டும்?

சேவு ஒன்றும் உத்தமமான பண்டம் இல்லை. எண்ணெயில் முக்கி எடுத்ததுதான். அந்த எண்ணெயும் இப்போது பல இடங்களில் பாமாயில்தான். அது மலிவாகக் கிடைக்கும்போது கடலை எண்ணெயில் போடு என்று எந்தக் கடைக்காரரிடம் சொல்வது? நான் கேட்டது வேறு கேள்வி. எதில் கை நிற்கிறது, எதில் நிற்கவில்லை, ஏன்?

பஃப் எப்படிச் செய்கிறார்கள் என்று தேடிப் படித்தபோது பாதி விடை கிடைத்தது. சோளக் குருணையை லேசாக நனைத்து, இயந்திரத்துக்குள் அதிக அழுத்தத்திலும் சூட்டிலும் நசுக்கி, ஒரு சின்னத் துவாரம் வழியாகத் தள்ளுகிறார்கள். வெளியே வந்த நொடியில் உள்ளே இருக்கும் நீர் ஆவியாகி வெடிக்க, மாவு உப்பிவிடுகிறது. அப்புறம் அதன்மேல் எண்ணெயும் மசாலாத் தூளும். வாயில் போட்டால் மெல்லவே வேண்டாம், எச்சில் பட்டதும் கரைந்துவிடும். அமெரிக்க உணவு விஞ்ஞானி ஸ்டீவன் விதர்லி இதைத்தான் சொன்னார்: வாயில் சட்டென்று கரைகிற பண்டத்தில் கலோரியே இல்லை என்று மூளை நினைத்துக்கொள்கிறது, அதனால் 'போதும்' என்ற தகவல் வர வேண்டிய நேரத்தில் வருவதில்லை. ஹோவர்ட் மாஸ்கோவிட்ஸ் என்ற இன்னொருவர், எந்த அளவு இனிப்பில் மனிதன் கிறங்குவான், எதைத் தாண்டினால் முகம் சுளிப்பான் என்பதைக் கணக்குப் போட்டுக் கம்பெனிகளுக்குக் கொடுத்தார். மசாலாத் தூளில் ஐஎன்எஸ் 627, 631 என்று எண்கள் இருக்கும். அவை அஜினோமோட்டோ வகை ருசியைப் பல மடங்கு தூக்கிக் காட்டுபவை. விஷம் என்று வாட்ஸப்பில் வரும், நம்ப வேண்டாம். ஆனால் அவை சும்மாவும் அங்கே உட்கார்ந்திருக்கவில்லை. பாக்கெட்டில் பாதி காற்று என்று திட்டுகிறோமே, அதுகூட வெறும் காற்று இல்லை, நைட்ரஜன். எண்ணெய் சிக்குப் பிடிக்காமல் மாதக்கணக்கில் கடையில் தொங்க வேண்டும் அல்லவா? எங்கள் ஊர்ப் பொட்டலத்தில் இருக்கும் சேவுக்கு அந்தப் பாக்கியம் கிடையாது.

மீதிப் பாதி விடை ஒரு சோதனையில் இருந்தது. அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் குழுவினர் நடத்தி 2019-ல் வெளியிட்டது. 20 பேரை பெதஸ்டாவில் உள்ள ஆராய்ச்சி மருத்துவமனையில் நான்கு வாரம் தங்க வைத்தார்கள். இரண்டு வாரம் ஆலையில் செய்த மிகைப்பதப்படுத்திய உணவு, இரண்டு வாரம் காய், பழம், முட்டை, இறைச்சி, தானியம் என்று சமைத்த உணவு. தட்டில் வைத்த கலோரி, சர்க்கரை, கொழுப்பு, உப்பு, நார்ச்சத்து எல்லாம் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றே. வேண்டிய மட்டும் சாப்பிடலாம், வேண்டாததை விட்டுவிடலாம். ஆலை உணவு வாரங்களில் ஒவ்வொருவரும் சராசரியாக நாளுக்கு 500 கலோரி கூடுதலாகத் தின்றார்கள். எடை சுமார் 0.9 கிலோ ஏறியது. சமைத்த உணவு வாரங்களில் கிட்டத்தட்ட அதே அளவு இறங்கியது. ருசி எப்படி என்று கேட்டதற்கு இரண்டுக்கும் ஒரே மாதிரிதான் மதிப்பெண் போட்டிருக்கிறார்கள். ருசி மயக்கியது என்றுகூடச் சொல்ல முடியாது. வேகமாகச் சாப்பிட்டிருக்கிறார்கள், அது மட்டும் தெளிவாகத் தெரிந்திருக்கிறது. அந்த 20 பேரும் இரண்டு வகையையும் சாப்பிட்டவர்கள். இரண்டு வாரம் மட்டும் ஒழுக்கம் கெட்டு, அடுத்த இரண்டு வாரத்தில் திருந்தினார்கள் என்று யாராவது சொன்னால் சிரிப்புத்தான் வரும்.

இதை அண்ணனுக்கு அனுப்பினேன். 'அதனாலதான் சொல்றேன், எல்லாத்தையும் தூக்கிப் போட்டுட்டு இயற்கைக்குத் திரும்பு' என்று பதில் வந்தது. கூடவே நாற்பது நிமிட வீடியோ ஒன்று.

அண்ணன் வீட்டுக்கு வந்த மூட்டை

அண்ணன் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இரண்டு வருடங்களுக்கு முன்னால் பரிசோதனையில் அவனுக்கு மூன்று மாதச் சராசரி சர்க்கரை 6.1 என்று வந்தது. சர்க்கரை நோய் இல்லை, அதற்கு முந்தின படி. 2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) ஆய்வு, சென்னை மோகன் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை முன்நின்று நடத்தியது, இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் என்றும் 13.6 கோடிப் பேர் அந்த முந்தின படியில் இருக்கிறார்கள் என்றும் சொல்கிறது. அந்தப் பெரிய கூட்டத்தில் ஒருவனாக அண்ணனும் சேர்ந்தான். பயந்துபோனான். பயம் நியாயமானதுதான், எங்கள் அப்பா அந்த வியாதியில்தான் போனார். முதலில் பேலியோ, அதாவது மாவுச்சத்தைக் குறைத்துக் கொழுப்பைக் கூட்டும் உணவு முறை. நூறு பாதாம், வெண்ணெய் மிதக்கும் டீ, பனீர். எடை குறைந்தது, பர்சும் இளைத்தது. அது ஓய்ந்தபின் சிறுதானியம். இயற்கை வேளாண்மைக்காகப் பேசிய நம்மாழ்வாரின் பேச்சுகளைக் கேட்க ஆரம்பித்தான். அதில் எனக்கு ஒரு புகாரும் இல்லை, அந்த மனிதர் ஊர் ஊராக நடந்து சொன்னது பெரிய விஷயம். ஆனால் அவர் பேசியதில் பெரும்பகுதி மண்ணைப் பற்றி, விதையைப் பற்றி. அதைக் கேட்டு வீட்டுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் அடுக்களைக்குத்தான் உத்தரவு போடுகிறார்கள்.

ஒரு பொங்கல் விடுமுறைக்கு எல்லோரும் மதுரையில் கூடியிருந்தோம். அண்ணன் தெரிந்த விவசாயி ஒருவரிடம் சொல்லிவைத்து, 25 கிலோ கம்பு மூட்டை ஒன்றை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினான். இனிமேல் வீட்டில் வெள்ளை அரிசி ஒரு வேளைதான், பாக்கெட் எதுவும் உள்ளே வரக்கூடாது, பிள்ளைகளுக்கும் கம்பு, கேழ்வரகுதான் என்று அறிவிப்பு. 'நம்ம தாத்தா பாட்டி இதைச் சாப்பிட்டுத்தான் தொண்ணூறு வயசு இருந்தாங்க' என்ற வசனமும் உண்டு. மதினி ஒன்றும் சொல்லவில்லை. அவள் தனியார் பள்ளி ஒன்றில் ஆசிரியை. காலை ஏழேமுக்காலுக்கு வேன் பிடிப்பவள். மூட்டையையும் அவனையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

அம்மாதான் வாய் திறந்தாள். மூட்டைக்குள் கையை விட்டு ஒரு பிடி எடுத்து, உள்ளங்கையில் வைத்து ஊதினாள். உமி பறந்தது. 'ஏய்யா, இதை யாரு குத்தப் போறா?' என்றாள்.

அண்ணன் சிரித்தான். 'இப்ப யாரும்மா குத்துறா, மில்லுல குடுத்தா அரைச்சுத் தந்துருவான்' என்றான். அம்மா விடவில்லை. வழக்கமாகப் பழைய காலத்தைப் பற்றி அதிகம் பேசாதவள், அன்றைக்கு மூட்டைக்குப் பக்கத்திலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டு சொல்ல ஆரம்பித்தாள். விடியும் முன்னால் எழுந்து, கம்பில் தண்ணீர் தெளித்துப் பிசறி உரலில் போட்டு, அவளும் பெரியம்மாவும் எதிரெதிரே நின்று மாற்றுலக்கை போடுவார்களாம். ஒரு குத்துக் குத்திப் புடைத்து, உமியைத் தள்ளி, மறுபடி போட்டுக் குத்தி, மறுபடி புடைத்து, அப்புறம் இடித்து மாவும் நொய்யுமாக்கி, அதற்கும் பிறகுதான் அடுப்பு. கையெல்லாம் காய்த்துப் போகும். பள்ளிக்கூடம் போன பிள்ளை என்றால் அந்தக் கையைப் பார்த்தே எந்த வீட்டுப் பிள்ளை என்று வாத்தியார் சொல்லிவிடுவாராம். 'நாளைக்குச் சேத்துக் குத்தி வச்சுக்கலாம்னா அதுவும் முடியாது. மாவு ரெண்டு மூணு நாள்ல கசந்துபோகும்' என்றாள். நெல்லுச்சோறு தீபாவளிக்கு, பொங்கலுக்கு, விருந்தாளி வந்தால், காய்ச்சலில் கிடந்தால். காய்ச்சல் வராதா என்று ஆசைப்பட்டிருக்கிறாள்.

அண்ணன், 'ஆனா அதுதானேம்மா உடம்புக்கு நல்லது' என்றான். அம்மா சொன்ன பதில் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. 'நல்லதுன்னு யாரும் திங்கல. அதுதான் இருந்துச்சு, தின்னோம். அப்பவே அஞ்சு ரூவாய்க்குப் பாக்கெட்டு வித்திருந்தா, எங்காத்தா வாங்கிப் போட்டுட்டு ஒரு நாளாவது காலை நீட்டிப் படுத்திருப்பா.'

அதற்கப்புறம் மதினி உள்ளேயிருந்து வந்தாள். சண்டை போடுகிற குரல் இல்லை, கணக்குச் சொல்கிற குரல். 'ஏற்கெனவே வீட்டுல மூணு சமையல் நடக்குது அத்தை. அவருக்குத் தனியா, பிள்ளைகளுக்குத் தனியா, உங்களுக்குப் பல்லுக்குப் பதமா. இப்ப இதை ஊற வைக்கிறது, ஆட்டுறது, புளிக்க வைக்கிறது, தொட்டுக்க ஒண்ணு செய்யிறது. பிள்ளைக வேண்டாம்னு சொன்னா அதுக்கு வேற ஒண்ணு. சாயங்காலம் நான் வர்றதுக்குள்ள அதுக பசியில கத்துதுக. பாக்கெட் வாங்கித் தர்றது நான்தான். ஆசைப்பட்டு இல்ல, அரை மணி நேரம் கிடைக்கும்னு.'

அந்த அரை மணி நேரம்

இந்த ஆசையைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் நாக்கைப் பார்க்கிறார்கள், மூளையைப் பார்க்கிறார்கள், நானும் அதைத்தான் தோண்டிக்கொண்டிருந்தேன். மதினி சொன்ன அரை மணி நேரம் என் தேடலில் எங்கேயும் இல்லை. அம்மா சொன்ன கசப்பைப் பிற்பாடு விசாரித்துப் பார்த்தேன். கம்பில் எண்ணெய்ச் சத்து அதிகம். மாவாக்கியதும் அந்தக் கொழுப்பு சிதைய ஆரம்பித்துவிடும், அதனால்தான் கசப்பு. ஆக, கம்பு அன்றாடம் ஒருவரின் கையைக் கேட்கிற தானியம். நைட்ரஜன் நிரப்பிய பாக்கெட்டோ யாருடைய கையையும் கேட்காமல் மாதக்கணக்கில் காத்திருக்கும். ஐந்து ரூபாய்க்கு அது விற்பதில் ருசி ஒரு பங்கு என்றால், ஓய்வு இன்னொரு பங்கு. கடையில் சரம் சரமாகத் தொங்குவதைப் பார்த்து நாம் 'குப்பை' என்கிறோம். அதை வாங்குகிறவள் அந்த நேரத்துக்குக் குப்பையை வாங்கவில்லை.

மத்திய அரசின் 2024 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளம் இல்லாத வீட்டு வேலைக்கு அதைச் செய்கிற பெண்கள் நாளுக்கு 289 நிமிடமும் ஆண்கள் 88 நிமிடமும் செலவிடுவதாக இருக்கிறது. அந்த 289-ல் எவ்வளவு அடுப்படியில் போகிறது என்று நம் வீடுகளுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. 'இயற்கைக்குத் திரும்புவோம்' என்றால் இந்த 289 ஏறும். 88-ல் ஒரு மாற்றமும் இருக்காது, வீடியோ பார்க்கிற நேரம் வேண்டுமானால் கூடும்.

ஹாலின் சோதனைக்கே திரும்பப் போய்ப் பார்த்தேன். முதல் தடவை படித்தபோது கண்ணில் படாத ஒன்று இப்போது பட்டது. அந்த 20 பேரில் ஒருவரும் சமைக்கவில்லை. மருத்துவமனைச் சமையற்கூடத்தில் சம்பளத்துக்கு ஆட்கள் இருந்தார்கள். அப்படியும், நாளுக்கு 2000 கலோரி என்ற கணக்கில் ஒரு வாரத்துக்கு வாங்கும் பொருளின் விலை மட்டும் ஆலை உணவுக்கு 106 டாலர், சமைத்த உணவுக்கு 151 டாலர். சமைத்த கைக்கான கூலி இதில் இல்லை. இதைப் பிரேசில்காரர்கள் கவனித்திருக்கிறார்கள். மிகைப்பதப்படுத்திய உணவு என்ற வகைப்பாட்டையே கொண்டுவந்த சாவோ பாவ்லோ பல்கலைக்கழகத்தின் கார்லோஸ் மொன்டெய்ரோவின் குழு உதவியோடு அந்த நாடு 2014-ல் ஒரு உணவு வழிகாட்டி வெளியிட்டது. சமைத்ததைச் சாப்பிடு என்று சொல்வதோடு நிற்காமல், அப்படிச் சாப்பிட என்னென்ன தடை என்று ஒரு அத்தியாயமே அதில் உண்டு. விலை, நேரம், சமைக்கத் தெரியாமை, விளம்பரம். வீட்டில் எல்லோரும் வேலையைப் பங்கு போட்டுக்கொள்ளுங்கள் என்று அரசாங்கமே எழுதியிருக்கிறது. நம் ஊரில் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2024-ல் 17 அறிவுரைகளோடு ஒரு வழிகாட்டி கொடுத்தது. மிகைப்பதப்படுத்தியதைக் குறை, லேபிளைப் படி என்பதெல்லாம் அதில் உண்டு. அண்ணனிடம் அதன் பிடிஎஃப் இருக்கிறது. உலக்கை யார் கையில் என்பதுதான் அவனிடம் இல்லாத பக்கம்.

சிறுதானியம் என்று அச்சடித்தால்

இந்த இடைவெளியைக் கம்பெனிகள் நம்மைவிட நன்றாகப் புரிந்துவைத்திருக்கின்றன. இயற்கையும் வேண்டும், கையும் நோகக் கூடாது என்றால் அவர்களிடம் சரக்கு தயார். இந்தியா கேட்டுக்கொண்டதன் பேரில் ஐ.நா. 2023-ஐச் சிறுதானிய ஆண்டாக அறிவித்ததும் கடை அடுக்கு முழுக்கச் சிறுதானிய நூடுல்ஸ், சிறுதானிய பிஸ்கட், சிறுதானியப் பஃப். அட்டை முன்பக்கத்தில் கதிர் ஆடும். பின்பக்கம் திருப்பினால்தான் விஷயம். எது எடையில் அதிகமோ அதை முதலில் எழுத வேண்டும் என்பது விதி. மதினியும் நானும் ஒரு நாள் கடையில் நின்று திருப்பிப் பார்த்தோம். ஒரு பிஸ்கட்டில் முதலில் கோதுமை மாவு, அடுத்துச் சர்க்கரை, அடுத்துப் பாமாயில், அதற்கும் பிறகு எங்கோ ஓரத்தில் கேழ்வரகு. பக்கத்து அடுக்கில் கோவில்பட்டிக் கடலைமிட்டாய் இருந்தது, 2020-ல் புவிசார் குறியீடு வாங்கியது. கடலை, வெல்லம். லேபிள் அவ்வளவுதான். அதிலும் இனிப்பு இருக்கிறது, ஆனால் இருப்பதை மறைக்கவில்லை. சிலி நாட்டில் 2016-லிருந்து சர்க்கரையோ உப்போ கொழுப்போ மிஞ்சினால் பாக்கெட்டின் முகத்திலேயே கறுப்பு எண்கோணம் போட வேண்டும். இங்கே பண்டம் எவ்வளவு சத்தானது என்று காட்ட நட்சத்திரம் போடலாமா என்று 2022-ல் ஒரு வரைவு வந்தது. அப்புறம் கருத்துக் கேட்பு, குழு, அவகாசம். 2024 ஏப்ரலில் போர்ன்விட்டா போன்ற பானங்களை 'ஹெல்த் ட்ரிங்க்' பட்டியலில் வைக்காதீர்கள் என்று மத்திய வர்த்தக அமைச்சகம் இணையக் கடைகளுக்குச் சொன்னது மட்டும்தான் உருப்படியாக நடந்த ஒன்று என்பேன்.

கருப்பட்டி விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அண்ணன் வெள்ளைச் சர்க்கரையை விட்டுவிட்டுக் கருப்பட்டிக் காபிக்கு மாறினான், அதுவும் ஒரு நாளைக்கு மூன்று வேளை. மருத்துவர் கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. பனையிலிருந்து வந்தாலும் சர்க்கரை சர்க்கரைதான், ரத்தத்தில் ஏறத்தான் செய்யும். இயற்கை என்ற சொல்லைக் கேட்டதும் அளவு மறந்துவிடுகிறது.

இப்போது எப்படி

பொங்கலுக்கு வந்த மூட்டையை மதினி தொடவில்லை. 'யாருக்கு வேணுமோ அவங்க ஊற வைக்கட்டும்' என்பதோடு சரி. அண்ணன் சில நாள் முறைத்துக்கொண்டு திரிந்தான். அப்புறம் ஒரு சனிக்கிழமை ராத்திரி அவனே கம்பையும் உளுந்தையும் வெந்தயத்தையும் ஊறப் போட்டான். முதல் தடவை தோசைக் கல்லில் ஒட்டிக்கொண்டு வரவே இல்லை, சுரண்டி எடுத்தார்கள். இப்போது நன்றாகவே சுடுகிறான், ஓரம் முறுகலாக. வாரத்தில் இரண்டு வேளை அவன் கையால் கம்பு தோசை, மற்றபடி எல்லோருக்கும் பழைய இட்லி, சோறு, கூடுதலாகக் காயும் பயறும். சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருக்கிறது. கம்பாலா, கருப்பட்டிக் காபி நின்றதாலா, மாட்டுத்தாவணி வரை நடந்து போய் வருவதாலா என்று பிரித்துச் சொல்ல முடியாது. அவன் கம்பால்தான் என்கிறான்.

நான் தலைகீழாக எதையும் மாற்றவில்லை. நாலரை மணி என்பதை ஒரு ஒழுக்கப் பிரச்சினையாகப் பார்ப்பதை நிறுத்தினேன், அதுவே பெரிய நிம்மதி. மதியத்தில் சோற்றைக் கொஞ்சம் குறைத்து ஒரு முட்டையோ ஒரு கரண்டி பயறோ கூட்டினேன். அதற்கே நமநமப்பு பாதி அடங்கியது. மீதிக்கு, அலுவலகம் இருக்கும் தெருமுனையில் ஒரு அக்கா தூக்குவாளியில் கொண்டுவரும் சுண்டல். மாங்காயும் தேங்காயும் போட்டு இருபது ரூபாய். அவித்தது அவர், காசு கொடுப்பது நாங்கள். சமைத்ததைச் சாப்பிட வேண்டும் என்றால் நானே சமைக்க வேண்டும் என்று எங்கே எழுதியிருக்கிறது? தமிழ்நாட்டின் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் 2022-லிருந்து காலையில் உப்புமாவும் கிச்சடியும் பொங்கலும் போடுகிறார்களே, அதுவும் அதே ஏற்பாடுதான். சுய உதவிக் குழுப் பெண்கள் சம்பளத்துக்குச் சமைக்கிறார்கள், வீட்டில் அம்மாக்களுக்கு ஒரு வேளை அடுப்பு மிச்சம். எங்கள் வரிசையில் பாக்கெட் இன்னும் பிரிபடுகிறது, நானும் இரண்டு எடுக்கிறேன். ஆனால் முன்பு மாதிரி இழுப்பதில்லை. உப்பு தூக்கலாகத் தெரிகிறது. இதற்கும் ஒரு பழைய ஆராய்ச்சி இருக்கிறது. பிலடெல்பியாவில் மோனெல் மையத்தைச் சேர்ந்த கேரி போசாம்ப் குழு 1982-ல் காட்டியது: சில மாதம் குறைந்த உப்பில் சாப்பிட்டவர்களுக்குப் பிடித்த உப்பின் அளவே கீழே இறங்கிவிடுகிறது. நாக்கு பழகும், ஆனால் அதற்கு மாதங்கள் வேண்டும். அந்த மாதங்கள் முழுக்க வேறு ஏதாவது கைக்கெட்டும் தூரத்தில் இருந்தாக வேண்டும்.

சாத்தூர் போனால் சேவு வாங்காமல் வருவதில்லை. அதில் எந்த மாற்றமும் இல்லை, யாரும் எதிர்பார்க்கவும் வேண்டாம்.

போன வாரம் அண்ணன் போன் பண்ணினான். அலுமினியம், நான்ஸ்டிக் எல்லாவற்றையும் ஒழித்துவிட்டு மானாமதுரையில் மண்சட்டி ஒரு செட் வாங்கப் போகிறானாம், மண்சட்டிக் குழம்பின் மகிமையைப் பற்றி ஒரு பாட்டம் பேசினான். பின்னால் மதினியின் குரல் கேட்டது. 'தாராளமா வாங்குங்க. சோப்புப் போடாம தேங்காய் நாரு வச்சுத் தேய்க்கணும், உடையாம கவுத்தணும். ரெண்டும் உங்க வேலை.'